அடுத்த ஜூனிலும் அதே தெருவுக்கு வாருங்கள்

சென்னையில் சமூகப்பணி கற்பிக்கும் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் களப்பணி ஒருங்கிணைப்பாளர்களுக்கும் கொடுங்கையூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டிய தெருக்களில் 22 ஆண்டுகளாக மாலை வகுப்பும் பெண்கள் குழுவும் நடத்திவரும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு பேர். ஓர் அறை, இரண்டு பீரோ, ஒரு கரும்பலகை, பாய்கள். இவ்வளவுதான் எங்கள் அலுவலகம். இந்த அறைக்கு ஒவ்வோர் ஆண்டும் உங்கள் மாணவர்கள் களப்பணிக்கு வருகிறார்கள். ஓர் ஆண்டு இரண்டு பேர், ஓர் ஆண்டு ஐந்து பேர். இதுவரை எழுபது பேருக்கு மேல் வந்து போயிருப்பார்கள். பலருடைய திருமணத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

இன்னும் சில வாரங்களில் புதிய கல்வியாண்டு தொடங்கிவிடும். யாரை எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்ற பட்டியலை இப்போது தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் கையெழுத்திடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டுகள் குப்பைமேட்டில் இரும்பும் செம்பும் பிளாஸ்டிக்கும் பிரித்தெடுத்து, காயலான் கடையில் எடை போட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. மேட்டில் ஏற முடியாது. முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய் கிடைத்தால் அரிசி தவிர்த்த மற்றச் செலவுகளுக்கு ஆகும். விண்ணப்பம் போட்டால் 60 வயது ஆகவில்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1971 என்று இருக்கிறது. பதிவு செய்த நாளில் எதிரே உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுவிட்டார். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முதலில் வந்த மாணவர் அவரிடம் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பினார். அடுத்த ஆண்டு வந்த மாணவி அவரைப் பற்றித் தனிநபர் ஆய்வு ஒன்று எழுதினார். நன்றாக எழுதியிருந்தார், மதிப்பெண்ணும் நன்றாக வந்தது. மூன்றாம் ஆண்டு வந்த பெண் எதையும் எழுதவில்லை. பாட்டியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தலைமாட்டிலிருந்த மஞ்சள் பையைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு காகிதமாகத் தரையில் பரப்பினார். ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்றிதழ், மங்கிப்போன மருத்துவமனைச் சீட்டுகள், மூத்த மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். அந்த மாற்றுச் சான்றிதழை எடுத்து ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். மகன் பிறந்த ஆண்டு 1979. சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அக்கா, இந்தக் கணக்குப்படி பாட்டி எட்டு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறார்.”

அத்தனை ஆண்டுகளாக அந்தப் பையை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுமையை உங்கள் வகுப்பறைதான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு என் மனமார்ந்த நன்றி.

பிறகு அவர் பாட்டியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வயதுச் சான்று கேட்டார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்றார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளன்று ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். அவருடைய களப்பணி நாட்களோ செவ்வாயும் வியாழனும். திங்கட்கிழமை வகுப்புக்கு வராததால் வருகைப் பதிவில் ஒரு நாள் குறைந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவருடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஏப்ரல் வந்துவிட்டது. தேர்வு, வாய்மொழித் தேர்வு, பிரிவு உபசார விழா. அவர் போய்விட்டார்.

ஜூலையில் நான்காவது மாணவி வந்தார். கையில் புதிய படிவம். முதல் கேள்வி பெயர். இரண்டாவது கேள்வி வயது.

பாட்டி பையை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டார். “போன வருடம் வந்த பெண் எங்கே, கண்ணு? அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே. நீ அவளிடம் கேட்டுக்கொள்” என்றார்.

அந்த மாணவியால் யாரிடமும் கேட்க முடியவில்லை. முந்தைய பெண்ணின் களப்பணி அறிக்கை கல்லூரி அலமாரியில் இருந்தது. அந்தப் பெண் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஊர் மாறியிருந்தார். வந்திருந்த மாணவி வேறு கல்லூரி. எங்கள் தெருவுக்கு அந்தக் கல்லூரி அப்போதுதான் முதல் முறையாக மாணவர்களை அனுப்பியிருந்தது. முந்தைய கல்லூரி அந்த ஆண்டு எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு பகுதிக்கு மாறிவிட்டது. மாணவர்களுக்குப் பலவிதமான நிறுவனங்களின் அனுபவம் கிடைக்க வேண்டும் என்பது காரணம். மாணவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான காரணம்தான். பாட்டியின் பக்கத்திலிருந்தும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

நான் முதலில் கேட்பது இதுதான். ஒரு கல்லூரி வட சென்னையில் சில தெருக்களைத் தேர்ந்தெடுத்தால், குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதே தெருக்களுக்கு வர வேண்டும். மாணவர்கள் மாறலாம், மாறித்தான் ஆக வேண்டும். தெரு மாறக் கூடாது. போகிற மாணவர் வருகிற மாணவரின் கையைப் பிடித்து அந்த வீட்டு வாசலுக்கு அழைத்துப்போய், “பாட்டி, இனி இவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. உங்கள் படிப்பு இரண்டு ஆண்டு. முதலாண்டு மாணவர்கள் உள்ளே வரும்போது இரண்டாமாண்டு மாணவர்கள் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களை இரண்டே வாரம் பழைய தெருவுக்கு அனுப்பினால் போதும். இப்போது என்ன நடக்கிறது? இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடம் பிரிந்தவுடன் மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்தவர் மருத்துவமனைக்கும் மனிதவளப் பிரிவு எடுத்தவர் தொழிற்சாலைக்கும் போய்விடுகிறார்கள். முதலாண்டில் பழகிய தெருவை ஒரு முறை திரும்பிப் பார்க்கவும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

சமூகப்பணிக் கல்வி பிறந்த விதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே முதல் வாரத்தில் கற்பிக்கிறீர்கள். பம்பாயில் நாக்பாடா என்ற உழைப்பாளர் குடியிருப்பில் அக்கம்பக்க மையம் நடத்திக்கொண்டிருந்த கிளிஃபர்ட் மேன்ஷார்ட்டின் முயற்சியில்தான் 1936-இல் நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. நம் சென்னையில் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ், அதற்கு முன்பே பல ஆண்டுகள் சேவை அமைப்பு நடத்திவந்தவர். இரண்டு இடங்களிலும் சேவை முதலில் வந்தது, பள்ளி பிறகு வந்தது. மக்கள் நடுவே இருந்தவர்களுக்குப் படித்த கைகள் தேவைப்பட்டன, அதனால் பள்ளி பிறந்தது. இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மாணவருக்கு 200 மணி நேரமோ 300 மணி நேரமோ தேவைப்படுகிறது, அதற்கு ஒரு தெரு தேடப்படுகிறது.

எங்கள் பகுதிக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர்ப் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, பி அண்ட் சி மில் என்ற நெசவாலைத் தொழிலாளர்களின் சங்கம், அதைத் தொடங்கிவைக்க யோசித்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும். மில்லுக்குப் பக்கத்தில் வணிகம் செய்துவந்தவர்கள். தொழிலாளர்களின் பாட்டைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். பிறகுதான் அன்னி பெசன்ட்டோடு பணியாற்றிவந்த பி.பி. வாடியாவை அழைத்துவந்தார்கள், திரு.வி.க. உடன் நின்றார். உள்ளூர்க்காரர் அழைத்தார், படித்தவர் வந்தார், வந்தவர் தொடர்ந்து வந்தார். வட சென்னை வெளியாட்களை வெறுக்கும் ஊர் இல்லை. வந்துவிட்டுக் காணாமல் போகிறவர்களைக் கண்டுதான் அதற்குச் சலிப்பு.

தொடர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் கண்ணால் பார்த்தேன். மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். கல்லூரிகளுக்கு விடுமுறை. நிவாரண வண்டிகள் பிரதான சாலையில் நின்று ரொட்டிப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பின. உள் சந்துகளுக்கு வண்டி வராது. அந்த ஆண்டு எங்களிடம் இருந்த மாணவர்கள் மூவர் யாரும் கூப்பிடாமலேயே மூன்றாம் நாள் வந்தார்கள். அவர்கள் நேராகப் போன வீடுகள் எவை தெரியுமா? சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர் வீடு. எட்டு மாதக் கர்ப்பிணி வீடு. படுக்கையிலிருக்கும் மகனைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் வீடு. ஆறு மாதமாக வாரம் இரண்டு நாள் அந்தச் சந்தில் நடந்தவர்களுக்கு எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பிறகு அரசு அறிவித்த 6000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக வந்தது. எந்தெந்தக் குடும்பத்துக்குக் கார்டு இல்லை என்ற பட்டியல் அந்த மாணவர்களின் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூவரையும் இன்றைக்கும் தெருவில் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

அதே மாதத்தில் எண்ணூரில் வேறொன்று நடந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கலந்து படகும் வலையும் கறுத்துப்போயிருந்த நேரம். டிசம்பர் 26 நள்ளிரவு உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அங்கே வேலை செய்யும் என் தோழி சொன்னாள்: ஜனவரி முடிவதற்குள் ஒரே வீட்டுக்கு மூன்று தனித்தனிக் குழுக்கள் மூன்று படிவங்களோடு வந்தனவாம். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. இருமிக்கொண்டே பதில் சொன்ன அந்த மீனவப் பெண்ணிடம் அந்த ஆய்வுகளின் முடிவை இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. படித்தவர்களுக்குத் தகவல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. நோய் வந்த உடம்பு ஒன்று, அதை மூன்று பேர் தனித்தனியே தொட்டுப் பார்த்துவிட்டு மருந்து எழுதாமல் போனால் அந்த உடம்புக்கு எப்படியிருக்கும்?

அறிக்கைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எனக்கு மறக்க முடியாதது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவர் தன் அறிக்கையின் நகலை எங்கள் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மாலை வகுப்புக்கு வந்த பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை எடுத்துப் படித்தாள். நன்றாகப் படிக்கக்கூடியவள். எதையும் சத்தமாகத்தான் படிப்பாள், அது அவள் பழக்கம். “போதைக்கும் குற்றச்செயல்களுக்கும் பெயர் பெற்ற இப்பகுதியில் வாழும் மக்கள் கல்வியில் அக்கறையற்றவர்களாகவும்” என்பது வரை படித்துவிட்டு நிறுத்தினாள். சுற்றிலும் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து, “அக்கா, இது எந்தத் தெருவைப் பற்றி எழுதியது?” என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த மாணவர் கெட்டவர் இல்லை. சனிக்கிழமைகளில் சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் வாங்கி வந்தவர். அந்த வரியை அவர் யோசித்து எழுதவும் இல்லை. முந்தைய அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்து எழுதியிருந்தார், அதை எழுதியவர் அதற்கும் முந்தையதிலிருந்து எடுத்திருக்கலாம். ஆக, கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டிருப்பது அந்த வரி. பாட்டியின் மனு நிலவரம் கைமாறவில்லை. கைமாற வேண்டியது எது, கைமாறக் கூடாதது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தெருவில் காலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி வைத்துவிட்டு, தூய்மைப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள்தான் மாலை வகுப்புக்குப் பிள்ளைகளைத் தலைவாரி அனுப்புகிறார்கள். கொஞ்சம் தள்ளி வியாசர்பாடியில் பிள்ளைகள் கால்பந்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று விளையாட்டு தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போதை இல்லையா என்றால் இருக்கிறது. அதனால் பிள்ளையை இழந்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அதை மறைத்து எழுதச் சொல்லவில்லை. அந்தத் தாயின் எதிரில் உட்கார்ந்து வாசிக்க முடிகிற விதத்தில் எழுதச் சொல்கிறேன். அறிக்கையைத் துறையில் சமர்ப்பிப்பதற்கு முன்னால், தனிப்பட்டவர்களின் பெயர், அடையாளங்களை நீக்கிவிட்டு, எங்கள் அறையில் பெண்கள் குழுவின் முன் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் போதும். எந்த வரி நிற்கும், எந்த வரி நிற்காது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வேறெந்த மதிப்பீடும் மாணவருக்கு அவ்வளவு கற்றுத் தராது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களப்பணி காலை பத்து மணி முதல் மாலை நான்கரை மணி வரை என்று வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வேலைக்குப் போக முடியாத முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மட்டுமே இருப்பார்கள். குப்பைமேட்டுக்குப் போனவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் திரும்பிக் குளித்துச் சாப்பிட உட்காருவார்கள். வீட்டு வேலைக்குப் போனவர்கள் ஐந்து மணிக்கு வருவார்கள். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கு விடிவதற்கு முன்பே பொழுது தொடங்கிவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீனவக் குடும்பங்கள் மிகவும் நெருக்கடியில் இருக்கும் அந்த இரண்டு மாதத்திலும் உங்கள் கல்லூரியில் தேர்வும் விடுமுறையும். மாணவர்கள் எங்களிடம் வந்து, “யாரும் வீட்டில் இல்லை அக்கா, கதவு பூட்டியிருக்கிறது” என்று சொல்லும்போது எனக்கு அவர்கள் மீது இரக்கமாக இருக்கும். பூட்டிய கதவுகளைத் தட்டிவிட்டு வந்து அறிக்கையில் ‘மக்கள் ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதுகிறார்கள்.

மாலை நேரக் களப்பணிக்குப் பாதுகாப்பைக் காரணம் சொல்கிறீர்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நான் உறுதி கூறுகிறேன்: எங்கள் பெண்கள் குழுவைச் சேர்ந்த இருவர் மாணவிகளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். மழை நாளில் ஒரு மாணவிக்குப் பஸ் கிடைக்காமல் போனபோது, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அவளுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் விட்டுப் படுக்கவைத்தார்கள். அந்த ஊரைத்தான் பாதுகாப்பில்லாத ஊர் என்று சொல்கிறார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

குறை எல்லாம் உங்கள் பக்கம்தான் என்று சொல்ல வரவில்லை. எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களும் மாணவர்களைச் சரியாக நடத்தியதில்லை. ஆள் பற்றாக்குறையில் அவர்களைக் கணினி முன்னால் உட்காரவைத்துப் பட்டியல் அடிக்கச் சொல்லியிருக்கிறோம். நிதி கேட்கும் விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். விழா நாட்களில் நாற்காலி போடவும் புகைப்படம் எடுக்கவும் வைத்திருக்கிறோம். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, பெரிய அமைப்புகள் தங்களுக்கு வரும் பணத்தைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது தடை செய்யப்பட்டது. எங்களில் பலர் அப்படி வந்த பணத்தில்தான் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊழியர் இரண்டு பேர் அந்த ஆண்டு வேலையை விட்டுப் போனார்கள். அவர்கள் இடத்தை உங்கள் மாணவர்களைக் கொண்டு நிரப்பினோம். படிக்க வந்த பிள்ளைகளை ஊழியராக நடத்தியது தவறு. அதற்காக என்னிடம் வந்து போன எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஐந்தாண்டு உறவு இருந்தால் இதுவும் சரியாகும் என்று நம்புகிறேன். இந்த ஆண்டு மட்டும் வந்து போகும் மாணவர் என்றால் அவருக்குக் கற்றுக்கொடுக்க எங்களுக்கும் மனம் ஒன்றுவதில்லை, கிடைத்த வேலையை வாங்கிக்கொள்ளவே தோன்றுகிறது. அடுத்த ஆண்டும் அதே கல்லூரி வரும், இவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார் என்று தெரிந்தால் உட்கார்ந்து கற்றுக்கொடுப்போம்.

கற்றுக்கொடுப்பது என்றவுடன் நீங்கள் என்னைத்தான் நினைப்பீர்கள். எனக்கு எம்.ஏ. பட்டம் இருப்பதால் என்னை நிறுவன மேற்பார்வையாளராக ஏற்றுக்கொள்கிறீர்கள், மதிப்பீட்டுத் தாளில் என் கையெழுத்தைக் கேட்கிறீர்கள். உண்மையில் மாணவர்களுக்குத் தெருவைக் கற்றுக்கொடுப்பவர் எங்கள் குழுவின் தலைவி. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இ-சேவை மையத்தில் எந்த நேரத்தில் கூட்டம் குறையும், எந்த மனுவுக்கு எந்த நகலை இணைக்க வேண்டும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிப் பேச வந்த பெண்ணிடம் முதலில் என்ன கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடி வாங்கிய பெண்ணிடம் “ஏன் அடித்தார்?” என்று ஒரு மாணவி கேட்டபோது, தலைவி அந்த மாணவியை வெளியே அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: “அந்தக் கேள்வியைத்தான் மாமியாரும் கேட்டிருப்பாள், அம்மா. நீ ‘சாப்பிட்டாயா?’ என்று கேள்.” 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை அந்த மாணவி பிரிவு பிரிவாகப் படித்திருந்தார். பாதுகாப்பு அலுவலரிடம் எப்படிப் புகார் கொடுப்பது என்று தலைவிக்கே அவர்தான் பிறகு விளக்கினார். இருவரும் சேர்ந்துதான் அந்தப் பெண்ணோடு போனார்கள். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. கல்லூரிக்கும் தெருவுக்கும் கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான். ஆகவே மதிப்பீட்டுத் தாளில் அந்தத் தலைவியின் கருத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள், சில மதிப்பெண்களாவது அவர் கையில் இருக்கட்டும்.

முதல் மாதம் மாணவர் கையில் படிவம் வேண்டாம் என்றும் கேட்கிறேன். ரேஷன் கடை வரிசையில், தண்ணீர் லாரி வரிசையில், வட்டாட்சியர் அலுவலக வரிசையில் மக்களோடு நிற்கட்டும். களப்பணி நாட்களில் ஒன்றைத் திங்கட்கிழமையாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். மனு கொடுக்கும் நாளில் மனு கொடுப்பவரோடு மாணவர் இருக்க முடியாவிட்டால் எப்படி? பெண்களுக்குச் சாதாரண நகரப் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆண் மாணவர்களில் சிலர் திருவள்ளூருக்கும் அப்பாலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறார்கள், மதியச் சாப்பாட்டைத் தவிர்த்து டிக்கெட் எடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கல்லூரி போக்குவரத்துப் படி கொடுக்க வேண்டும்.

நான்காவதாக வந்த அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாட்டி பையை மூடிவிட்டதும் அவர் கண் கலங்கி என்னிடம் வந்தார். படிவத்தைப் பையில் போட்டுவிட்டு, மறுநாள் கடையில் 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்தார். முந்தைய மாணவியின் தொலைபேசி எண்ணை நான் தேடிக் கொடுத்தேன். இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மனு எண், எந்த நாளில் எந்த அலுவலகத்தில் கொடுத்தது, யாரைப் பார்த்தது, என்ன பதில் சொன்னார்கள் என்பதையெல்லாம் தேதி வாரியாக அந்த நோட்டில் எழுதினார். பிறகு மற்ற வீடுகளின் பக்கங்களும் வந்து சேர்ந்தன. ஒரு சிறுவனின் சாதிச் சான்றிதழ், ஒரு பெண்ணின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பள்ளியை நிறுத்திய இரண்டு பிள்ளைகள். அந்தந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதினார். நோட்டு எங்கள் பீரோவில் பூட்டித்தான் இருக்கிறது, சாவி குழுத் தலைவியிடம். பாட்டியின் மனு இன்னும் முடியவில்லை. மருத்துவச் சான்றை இணைத்து மேல்முறையீடு போயிருக்கிறது. வாரம் ஒருமுறை போய்க் கேட்க ஆள் வேண்டும்.

அந்த மாணவியும் இந்த ஏப்ரலில் படிப்பை முடித்துவிட்டார். கடைசி நாளன்று நோட்டின் 63-ஆம் பக்கத்தில் கோடு போட்டு, ‘இனி வருபவருக்கு’ என்று எழுதி, எந்தெந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போக வேண்டும் என்று குறித்துவைத்திருக்கிறார். அவருடைய துறைத் தலைவர் இந்த மடலைப் படித்துக்கொண்டிருந்தால் அவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இந்த ஆண்டு எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வருகிறவரை மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள், பாட்டி அந்நேரம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். 64-ஆம் பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
கொடுங்கையூரிலிருந்து உங்கள் மாணவர்களின் அக்கா